கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்

அன்புள்ள கொக்குக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். மணி ஒன்றரை. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். பகலில் பேனாவை எடுத்தால் பிடுங்கிச் சுவரில் கிறுக்குகிறாள். கையெழுத்து கோணலாக இருந்தால் தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொள், அழுகிறேன் என்று நினைக்காதே. அதெல்லாம் முடிந்து எத்தனையோ நாள் ஆயிற்று.

ஐந்து வருடம் கழித்து ஏன் கடிதம், அதுவும் தபாலில், என்று கேட்பாய். நீ என்னை ஃபோனில் பிளாக் செய்து வைத்திருக்கிறாய். உன் மேல் தப்பில்லை. உன் முகநூல் பக்கத்தில் போய், "இடைவேளைக்கு முந்தின ஓட்டத்தில் ஒரே ஆள் முதலில் தாடி இல்லாமலும் அடுத்து தாடியோடும் வருகிறார், கவனித்தீர்களா?" என்று எழுதியது நான்தான். ஏற்கெனவே அந்தக் காட்சியில் கடிகாரம் பதினொன்று இருபதிலிருந்து நாலு ஐந்துக்குத் தாவுவதை ஊரே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது. இவளும் வந்துவிட்டாளா கிண்டலுக்கு என்று நீ நினைத்திருப்பாய். சத்தியமாகக் கிண்டல் இல்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அப்படி ஆரம்பித்துவிட்டேன். உன் அம்மாவின் பழைய விலாசம் என் கல்லூரி டைரியில் இருந்தது. இந்தக் கடிதம் அங்கே போய், அவர்கள் உனக்கு அனுப்பி, நீ பிரித்து... அதுவரை நாள் இருக்க வேண்டும். இன்று இரண்டாம் தேதி. எனக்குப் பதினைந்தாம் தேதி வரைதான் நேரம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் உன் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆறு தடவை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தால் மரியாதை இல்லை.

அண்ணன் (ஹீரோவைத் தியேட்டரில் எல்லோரும் அப்படித்தான் கத்துகிறார்கள், எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது) அறிமுகக் காட்சியில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வரும்போது நான் தலையில் அடித்துக்கொண்டேன். கதவு திறந்துதான் இருக்கிறது! மூன்று குண்டு வாங்கிவிட்டுக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு பைக் ஓட்டுகிறார். என் வீட்டுக்காரர் ஒரு பல்வலிக்கு இரண்டு நாள் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் கடத்தப்பட்ட மகளைத் தேடிப் பதினெட்டு மாடி ஏறியபிறகு, மூச்சு வாங்க அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து, கை நடுங்குவதை இன்னொரு கையால் அமுக்கிப் பிடிக்கிறாரே, அங்கே நான் தோற்றுப்போனேன். பின்னணி இசைகூட இல்லை. அந்த மனிதருக்கு நிஜமாகவே நடிக்கத் தெரியும்டி. சண்டையெல்லாம் அதை மறைக்கத்தான் போலிருக்கிறது.

கடைசிக் காட்சி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லோரையும் அடித்துப் போட்டுவிட்டு வீட்டு வாசலில் நிற்கிறார். மனைவி கதவைத் திறந்து, "வருவீங்கன்னு தெரியும்" என்கிறாள். தியேட்டரே கை தட்டியது. எனக்கு அவளை ஓங்கி அறையவேண்டும் போல இருந்தது. எப்படித் தெரியும்? யார் சொன்னார்கள் அவளுக்கு?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் கல்யாணத்துக்கு நீ வரவில்லை. வரமாட்டாய் என்று எனக்கும் தெரியும். ஹாஸ்டலில் கடைசி நாள், "சினிமாவுக்குப் போய் டீ கிளாஸ் கழுவப் போறியா" என்று உன்னைக் கேட்டவள்தானே நான். அதனால் என் வீட்டுக்காரரை நீ பார்த்ததில்லை. உன்னைவிடக் கொஞ்சம்தான் உயரம். அதிகம் பேசமாட்டார். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். தினமும் எட்டு ஐந்துக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி ரயில் ஏறுவார், ஆறரைக்குத் திரும்புவார்.

எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு மாதம் நாலாம் தேதி சாயங்காலம், வழக்கத்துக்கு விரோதமாகச் சிரித்துக்கொண்டே வந்தார். பெரிய ஸ்டேஷனில் ஷூட்டிங் என்றார். "அண்ணன் என் பக்கத்துல ஓடினார், தெரியுமா? என்னைவிடக் குட்டை!" என்றார். பாவம், பதினாலு தடவை அதே ஓட்டத்தை ஓடவிட்டார்கள், ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கேட்டார், ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை என்று அவ்வளவு விவரமாகச் சொன்னார். படம் வந்ததும் போகலாம், நான் இருக்கிறேனா என்று பார்க்கலாம் என்றார். நான் துணி மடித்துக்கொண்டே சரி சரி என்றேன்.

கொக்கு, எட்டு ஐந்துக்கு ரயில் ஏறுகிற ஆள் பதினாலு டேக்கையும் எப்படி நின்று பார்த்தார்? எனக்குக் கேட்கத் தோன்றவில்லையே. டிகிரி வாங்கியவள் நான். ஹாஸ்டலில் எல்லாவற்றுக்கும் முதலில் பயப்படுகிறவள் என்று எனக்கு 'அலாரம்' என்று பெயர் வைத்தீர்கள். அந்த அலாரம் அன்றைக்குப் பார்த்து அடிக்கவில்லை. அவருக்கு வேலை போய் ஏழு வாரம் ஆகியிருந்தது என்று அவர் காணாமல் போன பிறகு அலுவலகத்தில் சொன்னார்கள். நான் கட்டிக்கொடுத்த டப்பாவை அந்த ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துதான் தினமும் தின்றிருக்கிறார்.

அதே மாதம் ஒன்பதாம் தேதி பாப்பாவுக்கு ஜுரம். மருந்து தீர்ந்துவிட்டது. வாங்கி வரச் சொன்னால் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றுகொண்டே இருந்தார். எனக்கு முதல் நாளும் தூக்கமில்லை. "நீங்க இருக்கிறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்" என்றேன். எல்லார் வீட்டிலும் சொல்கிற வார்த்தைதான். அவர் திரும்பிப் பார்த்து, "அப்படியா?" என்றார். கோபமாக இல்லை. வழி கேட்கிற மாதிரி கேட்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பழுப்புக் கட்டம்போட்ட சட்டை. அவ்வளவுதான்.

பதினேழாம் தேதி ஆற்றில் ஒரு உடலை எடுத்தார்கள். இறந்து மூன்று நாள் இருக்கலாம் என்றார்கள். முகம் தெரியவில்லை. பழுப்புக் கட்டச் சட்டை. நான் பார்த்துவிட்டு இவர் இல்லை என்றேன். என் கொழுந்தன் பார்த்துவிட்டு இருக்கலாம் என்றான். மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியது கெட்டுப்போய் ஒன்றும் தேறவில்லை. எட்டு மாதமாக அந்தக் கோப்பு திறந்தே கிடந்தது. இப்போது புதிதாக வந்திருக்கிற இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், என்னை உட்காரவைத்துத்தான் பேசினார். பதினைந்தாம் தேதி எல்லாவற்றையும் முடித்துவிடலாம்மா, நீங்களும் கொழுந்தனும் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். போட்டால் அந்த உடல்தான் இவர். தேடுவதையும் அதோடு நிறுத்திவிடுவார்கள்.

இந்த நேரத்தில்தான் உன் படம் வந்தது. படம் பார்க்கிற மனநிலையா என்று எதிர்வீட்டு அக்காகூடக் கேட்டார். "நான் இருக்கேனா பார்ப்போம்" என்று சொன்னாரே, அதற்காகத்தான் போனேன். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணனைப் பார்க்காமல் அண்ணனுக்குப் பின்னால் நிற்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருந்தார். எடை பார்க்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டை, கையில் டப்பா, சுத்தமாகச் சவரம் செய்த முகம். அண்ணன் அவரைத் தாண்டி ஓடுகிறார். இரண்டு விநாடி. என்னையும் அறியாமல் "பாப்பா, அப்பா பாரு, அப்பா!" என்று அவள் காதில் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் திரை முழுக்க அண்ணன் முகம்.

இப்போது என்ன ஆகியிருக்கிறது தெரியுமா? எங்கள் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் அந்தப் படத்தின் போஸ்டர். காலையில் எழுந்ததும் அதற்குக் கை ஆட்டி, "அப்பா, டாட்டா" என்கிறாள். பஸ்ஸில் போகும்போது, "அம்மா, அப்பா! அங்க பாரு, இன்னொரு அப்பா!" என்று கத்துகிறாள். பஸ்ஸே சிரிக்கிறது. நடத்துனர், "அண்ணனுக்குத் தெரியாம இங்க ஒரு குடும்பமா?" என்றார். நானும் சிரித்தேன். இரண்டரை வயதுப் பிள்ளையிடம், இல்லை, உன் அப்பா அதற்குப் பின்னால் கொஞ்சமாகத் தெரிகிறவர் என்று எப்படிச் சொல்வது?

அந்த இரண்டு விநாடியைப் பார்த்ததே போதும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பெட்டி வண்டியைக் கவிழ்த்து, அம்மா கையைப் பிடித்து நடந்த ஒரு பிள்ளையை இடித்துவிட்டு, பெஞ்சைத் தாண்டிக் குதிக்கிறார். அங்கேதான், கடிகாரத்துக்குக் கீழே, நாலு ஐந்து காட்டுகிற அதே கடிகாரத்துக்குக் கீழே, இவர் உட்கார்ந்திருக்கிறார். பழுப்புக் கட்டச் சட்டை. தாடி.

எல்லோரும் ஓடுகிற அண்ணனைத்தான் பார்க்கிறார்கள். இவர் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையின் செருப்பு கழன்று கிடக்கிறது. இவர் அதைப் பார்க்கிறார். அதை எடுக்கக் குனிந்துகொண்டே எழுகிறார். பாதி எழுந்ததும் நீங்கள் வெட்டிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு போன ஐந்து தடவையும் அந்த நாலு விநாடிக்காகத்தான். டிக்கெட் கிழிப்பவர், "அண்ணனோட ரசிகையாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். படம் முடிந்து எழுத்துகள் ஓடும்போதும் எழாமல் உட்கார்ந்திருப்பேன், பெருக்க வருகிறவர் விளக்கை முகத்தில் அடிப்பார். அப்படித்தான் ஒரு நாள் உன் நிஜப் பெயரைப் பார்த்தேன். உதவி இயக்குநர்கள் வரிசையில் மூன்றாவது. உன்னை யாருமே அந்தப் பெயரில் கூப்பிட்டதில்லையே, அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆயிற்று. டீ கிளாஸ் கழுவவில்லை நீ. சந்தோஷமாக இருந்தது, நம்பு.

அவருடைய தாடி எனக்குத் தெரியும். பாப்பா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எட்டு நாள் சவரம் செய்யவில்லை. எட்டு நாளைக்கும் சாம்பல் தடவின மாதிரிதான் இருந்தது. திரையில் இருப்பது அப்படி இல்லை, நன்றாக அடர்ந்திருக்கிறது. வீட்டை விட்டுப் போனபோது தாடி இல்லை, இது மூன்று வாரமாவது இருக்கும். தாடையில் இடது பக்கம், சின்ன வயதில் சைக்கிளில் விழுந்த இடத்தில், நாணயம் அளவுக்கு முடி முளைக்காது. அதுவும் தெரிகிறது. பெரிய திரையில் தெரிகிறது, ஃபோனில் சுற்றுகிற துண்டு வீடியோவில் அவரே ஒரு புள்ளியாகத்தான் இருக்கிறார். வெள்ளிக்கிழமையோடு இங்கே படத்தை எடுத்துவிடுகிறார்கள்.

கொழுந்தனை அழைத்துப்போய்க் காட்டினேன். அந்த இடம் வந்ததும் நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததை நான் பார்த்தேன். வெளியே வந்து, "தாடி வெச்சா எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்பாங்க, அண்ணி" என்றான். தாடையைப் பார்த்தியா என்றேன். நிழல் என்றான். பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். பிறகு பாப்பாவைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "செத்துட்டான்னா அழுது தீத்துடலாம், அண்ணி. உசுரோட இருந்துகிட்டு வராம இருக்கான்னா, அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றான். அவனைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைக்காதே. எட்டு மாதமாக என் கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைப்பது அவன்தான்.

நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஸ்டேஷன் அலுவலகத்தில் ஷூட்டிங் நடந்த தேதி கேட்டேன். அனுமதிக் காகிதமெல்லாம் தலைமை அலுவலகத்தில், மனு போடுங்கள் என்றார்கள். போட்டேன், பதில் இல்லை. உங்கள் கம்பெனிக்கு ஃபோன் செய்து, படத்தில் ஒருவரைப் பற்றி என்று ஆரம்பித்ததுமே, நடிக்க ஆசையா மேடம், மூன்று கோணத்தில் போட்டோ அனுப்புங்கள் என்று வைத்துவிட்டார்கள். அந்த பெஞ்சுக்கும் போனேன். இப்போது வேறு யாரோ படுத்திருக்கிறார்கள். அவர்கள் முகத்திலிருந்த துண்டை விலக்கிப் பார்த்து வசவும் வாங்கிக்கொண்டேன்.

பக்கத்து டீக்கடைக்காரருக்கு மட்டும் இவரை நினைவிருக்கிறது. ஷூட்டிங் இரண்டு தடவை நடந்தது என்றார். முதலில் பெரிய கூட்டத்தோடு. பிறகு ஒரு நாள், விட்டுப்போன கொஞ்சத்தை எடுக்க, கொஞ்சம் பேரோடு. அந்த இரண்டாவது நாள் தேதி அவருக்குத் தெரியவில்லை. மழை நாள் என்கிறார், அவ்வளவுதான்.

இப்போது புரிகிறதா, உன்னிடம் என்ன கேட்கிறேன் என்று? எந்தக் காட்சியை என்றைக்கு எடுத்தார்கள், யார் என்ன சட்டை போட்டிருந்தார்கள் என்று எழுதிவைக்க ஒரு நோட்டு இருக்குமாமே. அதை எழுதுவது உதவி இயக்குநர்கள்தான் என்று படித்தேன். அந்த நோட்டை எடுத்துப் பார். இரண்டாவது நாள், உடல் கிடைத்த அந்தப் பதினேழாம் தேதிக்கு முன்னாலா, பின்னாலா? பின்னால் என்றால் ஆற்றில் கிடந்தவர் வேறு யாரோ. நான் கையெழுத்துப் போடமாட்டேன், என்னை யாரும் போடவைக்கவும் முடியாது. முன்னால் என்றால்... அதையும் எழுது. மறைக்காதே. கடிகாரத்தைத் திருப்பி வைக்க மறந்த தப்பு உன்னுடையது என்று உன்னைத் திட்டினார்களாமே, பேட்டியில் இயக்குநர் சொன்னார். ஊரே சிரித்த அந்தத் தப்புதான், கொக்கு, நான் இன்றைக்குப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரே கயிறு. கடிகாரம் தாவியதால்தான் அது வேறு நாள் என்று எனக்குத் தெரிந்தது. நீ அதைச் சரியாக வைத்திருந்தால் நான் என் கண்ணையே நம்பியிருக்கமாட்டேன்.

இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன் போலிருக்கிறது.

டீக்கடைக்காரர் சொன்னார்: அந்த இரண்டாவது நாள் ஷூட்டிங்காரர்கள் பெஞ்சில் இருந்தவர்களையெல்லாம் எழுப்பிவிட்டார்கள், இவர் மட்டும் எழவில்லை. சத்தம் போட்டார்கள். அப்போது உயரமாக, ஒல்லியாக ஒரு பெண், கையில் நோட்டோடு வந்து, சத்தம் போட்டவர்களை அடக்கிவிட்டு இவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசியது. கடையிலிருந்து ஒரு டீ வாங்கி இவர் கையில் கொடுத்தது. அப்புறம் எழுந்துபோய், "அவர் அப்படியே இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டது. உயரமாக, ஒல்லியாக, கொக்கு மாதிரி என்றார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர் வாயிலிருந்தே வந்தது.

அது நீதானே? நீயாகத்தான் இருக்கவேண்டும். நீ யாரென்று தெரியாமலே என் வீட்டுக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறாய். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அவரோடு பேசியிருக்கிறாய். நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது என்னவென்று உனக்குச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவரோடு பேசியவர்களில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீதான்.

என்ன சொன்னார்? ஏதாவது கேட்டாயா? வீடு எங்கே என்று கேட்டாயா? ஒரு பிள்ளைக்கு ஜுரம், மருந்து வாங்க வந்தேன் என்று சொன்னாரா? ஒன்றுமே சொல்லாமல் டீயைக் குடித்திருந்தால், குடித்தார் என்றாவது எழுது. சூடாகக் குடிக்கமாட்டார், ஆறவைத்துத்தான் குடிப்பார். அப்படி ஆறவைத்தாரா? வெட்டிப் போட்ட மிச்சத்தில் அவர் முழுதாக எழுகிற இடம் இருக்கிறதா என்று பார்க்க முடியுமா? அந்தச் செருப்பை எடுத்துக் கொடுத்தாரா? அது இருந்தால், பாப்பாவின் காதில் இன்னொரு தடவை சரியாகச் சொல்வேன். பக்கத்தில் வேறு யார் முகமும் இல்லாமல்.

ஹாஸ்டலில் நான் சொன்னதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டால் காரியத்துக்காகக் கேட்பது போல இருக்கும். ஆமாம், காரியத்துக்காகத்தான் கேட்கிறேன். காரியம் முடிந்தபிறகு சும்மாவும் ஒரு தடவை கேட்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம். நீ இன்னும் பெரிய படங்களெல்லாம் செய்து, ஒரு நாள் உன் பெயர் தனியாகத் திரையில் வரவேண்டும். அப்போதும் கடைசி ஆளாக உட்கார்ந்து அதைப் படித்துவிட்டுத்தான் எழுவேன்.

கீழே என் ஃபோன் நம்பர் எழுதியிருக்கிறேன். எந்த நேரமானாலும் கூப்பிடலாம், நான் விழித்துத்தான் இருப்பேன். கூப்பிட மனம் வராவிட்டால் ஒரு வரி எழுதினால் போதும். நல்லதோ கெட்டதோ, பதினைந்தாம் தேதிக்கு முன்னால் சீக்கிரம் பதில் போடு.

என்றும் உன்,
அலாரம்